குண்டு குண்டாக ஓர் எழுத்து

மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் போட்ட கம்ப்யூட்டரில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து கீழே இறங்கிக்கொண்டே வந்தால், காமிக் சான்ஸைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கூப்பர் பிளாக் என்று ஒரு பெயர் வரும். பெயர் தெரியாதவர்களுக்கும் முகம் தெரியும். கூரான முனை ஒன்றுகூட இல்லாமல், வெயிலில் இளகத் தொடங்கிய வெண்ணெய் மாதிரி, குண்டு குண்டாக நிற்கும் ஆங்கில எழுத்து. பேக்கரிப் பலகை, பிறந்தநாள் பேனர், மழலையர் பள்ளி வேன், டீ ஷர்ட் என்று எங்கேயாவது கண்ணில் பட்டுவிடும்.

இது எந்தக் காலத்து எழுத்து என்று டிசைன் வேலை செய்கிறவர்களைக் கேட்டால், பெரும்பாலும் எழுபதுகள் என்றுதான் பதில் வரும். பெல்பாட்டம், பூப்போட்ட சட்டை, ஆரஞ்சும் பழுப்பும் கலந்த சுவர், அதோடு கூப்பர் பிளாக். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அது வெளிவந்தது 1922-இல், சிகாகோவில். சௌரி சௌராவுக்குப் பிறகு காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்திய அதே வருடம். எழுபதுகளில் அதற்கு ஐம்பது வயது ஆகிவிட்டிருந்தது. அப்படியானால் நாம் அதில் பார்க்கிற ‘பழைய காலம்’ எங்கிருந்து வந்தது? எழுத்தின் வளைவிலிருந்தா, அதைக் கையில் எடுத்தவர்களிடமிருந்தா? என் கணக்கில் முக்கால் பங்கு இரண்டாவதுதான். மீதிக் கால் பங்கைச் சொல்லத்தான் அச்சுப்பட்டறைக்குள் போக வேண்டியிருக்கிறது.

ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர் 1879-இல் ஒஹாயோ மாநிலத்தில் மவுன்ட் கிலியட் என்ற ஊரில் பிறந்தவர். வளர்ந்தது கான்சஸில் காஃபிவில். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அச்சகத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். படம் வரையும் ஆசையில் சிகாகோவுக்கு வந்து, ஃபிராங்க் ஹோம் நடத்திய ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். படம் கைக்கு வசப்படவில்லை; எழுத்து வசப்பட்டது. அங்கே எழுத்து வரையக் கற்றுக்கொடுத்தவர் ஃபிரெடரிக் கவுடி. பின்னாளில் அமெரிக்காவின் மிகப் பெரிய எழுத்துரு வடிவமைப்பாளர்களில் ஒருவராகப் பெயர் வாங்கியவர். இந்த வாத்தியார் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கதைக்குள் வருவார்.

1904-இல் ஃபிரெட் பெர்ட்ஷ் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து ‘பெர்ட்ஷ் அண்ட் கூப்பர்’ என்று ஒரு கடை போட்டார் கூப்பர். பெர்ட்ஷ் ஆர்டர் பிடித்து வருவார், கூப்பர் வரைவார். வேலை முழுக்க விளம்பரம். அப்போது விளம்பரத் தலைப்புகளுக்குப் பெரும்பாலும் கையால்தான் எழுத்து வரைந்தார்கள். பேக்கார்ட் கார் விளம்பரங்களுக்கு அவர் வரைந்த எழுத்து பிடித்துப்போய், அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் அதை 1913-இல் ‘பேக்கார்ட்’ என்ற பெயரிலேயே ஈய எழுத்தாக வார்த்து விற்றது. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: கூப்பர் புத்தகத்துக்கு எழுத்து செய்து வந்தவரல்ல. கார், சோப்பு, சாக்ஸ் விற்கத் தூரிகை பிடித்தவர்.

சிகாகோவில் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்று ஓர் எழுத்து வார்ப்பாலை இருந்தது. அவர்கள் கேட்டுக்கொண்டபடி கூப்பர் முதலில் செய்துகொடுத்தது ‘கூப்பர்’ என்ற மெல்லிய எழுத்து, 1919-இல். நல்ல எழுத்து, அடக்கமான எழுத்து, ஆனால் உலகத்தைப் புரட்டிப்போடவில்லை. அதே குடும்பத்தில் மிகத் தடிமனான பிள்ளையாக 1922-இல் பிறந்ததுதான் கூப்பர் பிளாக். விளம்பரப் பக்கத்தில் பக்கத்து விளம்பரத்தை அமுக்கிவிட்டுத் தான் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை. ‘தொலைநோக்குள்ள அச்சகத்தாருக்காக, கிட்டப்பார்வையுள்ள அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்காக’ என்று கூப்பரே அதைப் பற்றிக் கிண்டலாகச் சொன்னார். வாடிக்கையாளருக்குக் கண் மங்கல், ஆகவே எழுத்தைப் பெரிசாகப் போடு என்று சொல்லாத விளம்பரக் கம்பெனி இன்றுவரை உண்டா?

சரி, இப்போது எழுத்தையே கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஆங்கில ‘ஓ’வை மட்டும் திரை நிறையப் பெரிதாக்குங்கள். வெளிக்கோடு ஏறக்குறைய வட்டம். உள்ளே இருக்கும் வெள்ளை மட்டும் நிமிர்ந்து நிற்காது. இடதுபக்கம் சாய்ந்த முட்டை மாதிரி இருக்கும். அகலமுனைப் பேனாவைச் சரித்துப் பிடித்து எழுதினால் கோடு எங்கே தடிக்குமோ, எங்கே மெலியுமோ, அந்தக் கணக்குதான் இது. ஐரோப்பாவின் பழைய புத்தக எழுத்துகளில் பார்க்கிற அதே சாய்வு. ஆக, இந்தக் குண்டு எழுத்தின் எலும்பு, நூற்றாண்டுகள் பழைய புத்தக எழுத்தின் எலும்பு. அதன் மேல் சதை மட்டும் தாராளமாகப் போட்டிருக்கிறார் கூப்பர். சும்மா ஊதிப் பெருக்கிய எழுத்துகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. கீழே அடித்தளத்தில் ஓர் ஒழுங்கு இருப்பதால் எவ்வளவு விளையாட்டாகத் தெரிந்தாலும் அது சரிந்து விழுவதில்லை.

அடுத்து பாதங்கள். ஆங்கில எழுத்தின் கால் நுனியில் பக்கவாட்டில் நீளுகிற சின்னப் பாதத்துக்குச் செரிஃப் என்று பெயர். வழக்கமாக அது சப்பையாக, தரையில் ஒட்டி நிற்கும். கூப்பர் பிளாக்கில் பாதத்தின் அடிப்பக்கமும் வளைவு, யானைக்கால் மாதிரி. எழுத்துக்கலையில் ஒரு பழைய தொல்லை உண்டு. வட்டமான எழுத்தையும் தட்டையான எழுத்தையும் ஒரே கோட்டில் அச்சாக நிறுத்தினால், வட்டமானது கோட்டைத் தொடாமல் மேலே தொங்குவதுபோல் கண்ணுக்குத் தெரியும். அதனால் வட்டங்களை மட்டும் ஒரு மயிரிழை கீழே இறக்கி வரைவார்கள். கூப்பர் பிளாக்கில் எல்லா எழுத்தும் அடியில் உருண்டை. எல்லாருமே கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்திருப்பதால் வரி முழுக்க ஒரே மாதிரி மெத்தென்று தெரிகிறது. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஓர் எழுத்து வரியைவிட்டுக் கொஞ்சம் ஏறியோ, சாய்ந்தோ போனாலும் பார்ப்பவருக்கு உறைக்காது. தட்டையான பாதமுள்ள எழுத்தில் ஒரு டிகிரி சாய்ந்தாலே பல் இளிக்கும். இந்த ‘மன்னிக்கும் குணம்’ பிற்காலத்தில் அதற்கு எப்படிச் சோறு போட்டது என்பதற்கு வருகிறேன்.

ஈய எழுத்தில் மெல்லிய கோடும் கூர்முனையும்தான் முதலில் அடிபடும். பெட்டியில் கொட்டும்போது நசுங்கும், ஆயிரக்கணக்கான பிரதி ஓடினால் தேயும். சொரசொரப்பான செய்தித்தாளில் மை பரவினால் கூர்முனை எப்படியும் மழுங்கத்தான் செய்யும். கூப்பர் பிளாக் ஏற்கெனவே மழுங்கிப் பிறந்தது. இழப்பதற்கு அதனிடம் முனையே இல்லை. அந்த மென்மை அழகுக்காக வந்ததா, அச்சகத்தின் முரட்டுத்தனத்துக்குப் பதிலாக வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே வளைவில் இருக்கின்றன.

வந்த வேகத்தில் விற்றது. அச்சு உலகத்தின் பழமைவாதிகளுக்குப் பிடிக்கவில்லை. ‘கறுப்பு அபாயம்’ என்று திட்டினார்கள். திட்டியவர்கள் ஒரு பக்கம் இருக்க, போட்டிக் கம்பெனிகள் இதே மாதிரி ஒன்று வேண்டும் என்று வரிசையில் நின்றன. லட்லோ நிறுவனத்துக்காக ராபர்ட் ஹன்ட்டர் மிடில்டன் 1924-இல் ‘லட்லோ பிளாக்’ செய்துகொடுத்தார். 1925-இல் லான்ஸ்டன் மோனோடைப்புக்காக ‘கவுடி ஹெவிஃபேஸ்’ வந்தது. செய்தவர் வேறு யாருமல்ல, கூப்பரின் அதே வாத்தியார் கவுடி. சிஷ்யப்பிள்ளையின் சரக்குக்கு ஈடாகக் குரு சரக்கு செய்ய வேண்டி வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிஷ்யன் ஜெயித்தது தெரியும். கவுடியின் எழுத்தில் தடிமன் இருக்கிறது, ஆனால் அந்தச் சிரிப்பு இல்லை.

அதன்பிறகு காற்று மாறியது. 1927-இல் ஜெர்மனியில் பால் ரென்னரின் ஃப்யூச்சுரா வந்தது. கவராயமும் அளவுகோலும் வைத்து வரைந்ததுபோல் சுத்தமான கோடு, பாதமே கிடையாது. நவீனம் என்றால் அதுதான் என்று ஆனது. பொருளாதார மந்தத்தில் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் வார்ப்பாலை 1933-இல் மூடப்பட்டது. 1940-இல் கூப்பரும் போய்ச் சேர்ந்தார். 1957-இல் ஸ்விட்சர்லாந்திலிருந்து ஹெல்வெட்டிகா. கூப்பர் பிளாக் அச்சகங்களின் மூலைப் பெட்டியில் தூசி படிந்து கிடந்தது.

அதைத் தூசி தட்டியது ரசனை மட்டுமல்ல, ஒரு தொழில்நுட்பமும்கூட. ஈய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு செவ்வகக் கட்டையின் தலையில் உட்கார்ந்திருக்கும். இரண்டு கட்டைகள் ஒன்றையொன்று தொடும் இடத்துக்கு மேல் எழுத்துகளை நெருக்க முடியாது. அறுபதுகளில் எழுத்தைப் படச்சுருளில் ஒளிபாய்ச்சிக் கோக்கும் முறை பரவியதும் அந்தக் கட்டை மறைந்தது. எழுத்துகளை உரசவிடலாம், ஒன்றன்மேல் ஒன்று ஏற்றலாம். கூர்மையான எழுத்துகளை இப்படி நெருக்கினால் முள்வேலி மாதிரி ஆகும். உருண்டையான எழுத்துகளோ தட்டில் அடுக்கிய கொழுக்கட்டை மாதிரி ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தும். அதே சமயத்தில் லண்டனிலிருந்து லெட்ராசெட் தாள்கள் வந்தன. தாளைக் கவிழ்த்து வைத்து மேலே தேய்த்தால் எழுத்து கீழே ஒட்டிக்கொள்ளும். கல்லூரி மாணவன்கூட அச்சகம் இல்லாமல் போஸ்டர் போடலாம் என்று ஆனது. அதிலும் கூப்பர் பிளாக் இருந்தது. தேய்ப்பவன் கை கொஞ்சம் ஆடினாலும் எழுத்து காட்டிக்கொடுக்காது.

1966-இல் பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ இசைத்தட்டு வந்தது. உறையில் விலங்குக்காட்சிசாலையில் ஆடுகளுக்குத் தீனி போடும் படம். மேலே பச்சைப் பட்டையில் நெருக்கியடித்த கூப்பர் பிளாக். 1968-இல் பிபிசியில் தொடங்கிய ‘டாட்ஸ் ஆர்மி’ நகைச்சுவைத் தொடரின் தலைப்பிலும் அதே எழுத்துதான். அந்தத் தொடரின் கதை நடப்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். இந்த இரண்டாவது உதாரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அறுபதுகளின் இளைஞர்களுக்கும் அது ‘இன்றைய’ எழுத்தாக மட்டும் தெரிந்திருக்காது. அப்பா அம்மா காலத்துப் பத்திரிகை விளம்பரத்தின் ஜாடை அதில் இருந்தது. அவர்களும் அதைப் பழசாகவே, செல்லமாகவே எடுத்தார்கள். நாம் இன்று எழுபதுகளை நினைத்து ஏங்குவதாக நினைத்து எடுப்பது, எழுபதுகள் இருபதுகளை நினைத்து எடுத்ததை. ஏக்கத்தின் மேல் ஏக்கம், ஜெராக்ஸின் ஜெராக்ஸ்.

டீ ஷர்ட்டில் இஸ்திரிப்பெட்டி வைத்து ஒட்டும் எழுத்துகள் எழுபதுகளில் அமெரிக்காவில் சக்கைபோடு போட்டன. கடைக்காரர் வாடிக்கையாளரின் பெயரை எழுத்தெழுத்தாகத் துணிமேல் அடுக்கி, சூடு வைத்து அழுத்துவார். அகலமான பரப்பு இருந்தால் பசை நன்றாகப் பிடிக்கும். கூர்முனை இருந்தால் நாலு சலவையில் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். வரிசை கொஞ்சம் கோணினாலும் பரவாயில்லை. இந்த மூன்றுக்கும் பொருந்துகிற எழுத்து எது என்று சொல்ல வேண்டியதில்லை. நம்மூர் ஸ்டிக்கர் கடையில் வினைல் வெட்டுகிறவரிடம் கேட்டால் இன்றும் இதையேதான் சொல்வார். பைக் டேங்கில் ஒட்டிய எழுத்து முதலில் கிளம்புவது முனையில்தான்; உருண்டை எழுத்து வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு காரணம் சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் எழுத்தின் உருவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. எல்ட்ரா நிறுவனம் பதிப்புரிமைப் பதிவாளர்மேல் போட்ட வழக்கில் 1978-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. பெயரை வணிகச்சின்னமாகக் காக்கலாம், இன்று எழுத்துருக் கோப்பை மென்பொருளாகக் காக்கலாம், ஆனால் அந்த உருவத்தைப் பார்த்து இன்னொருவர் புதிதாக வரைந்தால் தடுக்க வழி குறைவு. ஒரு காலத்தில் உழைப்பைத் திருடக் கதவு திறந்துவிட்ட சட்டம்தான். கூப்பர் பிளாக்கின் விஷயத்தில் அதுவே அதை எல்லா நிறுவனங்களின் கையிருப்பிலும் கொண்டுபோய்ச் சேர்த்தது. விலை மலிந்தது, இலவசமானது, கடைசியில் கம்ப்யூட்டரோடு வந்தது. கம்ப்யூட்டரோடு வந்ததால்தான் நம் ஊர் பேனர் கடைக்கும் வந்தது.

1995-இல் இங்கிலாந்தின் லூட்டன் விமான நிலையத்திலிருந்து ஈஸிஜெட் பறக்கத் தொடங்கியபோது, விமானத்தின் பக்கவாட்டில் ஆரஞ்சு நிறத்தில் டிக்கெட் பதிவு செய்யும் தொலைபேசி எண்ணையே பெரிதாக எழுதிவைத்தார்கள். பெயர் எழுதியது கூப்பர் பிளாக்கில், முதல் எழுத்தே சின்ன எழுத்தில். விமான நிறுவனம் என்றால் மெல்லிய, சாய்ந்த, வேகமாகப் போகிற எழுத்து என்பதுதான் அதுவரை வழக்கம். இவர்கள் மிட்டாய்க்கடை எழுத்தை எடுத்து வானத்தில் பறக்கவிட்டார்கள். டிக்கெட் மலிவு, இங்கே ஜம்பம் கிடையாது, வா என்று கூப்பிடுவதற்கு அதைவிடப் பொருத்தமான எழுத்து கிடைத்திருக்காது. அந்தக் குழுமம் ஆரஞ்சுப் பின்னணியில் வெள்ளைக் கூப்பர் பிளாக் என்ற அந்தச் சேர்க்கையை இன்றுவரை தன் சொத்தாகக் கட்டிக் காக்கிறது. உருவம் யாருக்கும் சொந்தமில்லை. நிறத்தோடும் சொல்லோடும் சேர்ந்தால் சண்டைக்கு வரலாம்.

கடந்த பத்து வருடமாக மறுபடி ஓர் அலை. தொழில்நுட்ப நிறுவனங்கள் எல்லாம் ஒரே மாதிரி பாதமில்லாத, மொழுமொழுவென்ற எழுத்துக்கு மாறி ஒன்றுக்கொன்று அடையாளம் தெரியாமல் போனதன் எதிர்வினை அது. அமெரிக்கத் தயிர் நிறுவனமான சொபானி 2017-இல் தடித்த, மெத்தென்ற செரிஃப் எழுத்துக்கு மாறியது. 2021 ஜனவரியில் பர்கர் கிங் தன் பழைய லோகோவின் வடிவத்துக்கே திரும்பியது. கூடவே ‘ஃப்ளேம்’ என்ற சொந்த எழுத்துருவையும் செய்துகொண்டது. ரொட்டியும் இறைச்சியும் பிதுங்கிக்கொண்டு நிற்பதுபோல் அதன் வளைவுகள் இருக்கும். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் ‘ஃப்ரான்சஸ்’, கூப்பர், வின்ட்சர், சுவெனீர் என்ற மூன்று பழைய எழுத்துகளையும் முன்னோர்களாக வைத்துச் செய்யப்பட்டது. அதில் ஒரு விசேஷம்: முனைகள் எவ்வளவு மழுங்க வேண்டும் என்பதையே ஒரு குமிழைத் திருப்புவதுபோல் கூட்டிக் குறைக்கலாம். ஈயம் தேய்ந்து வந்த மென்மை இப்போது எண்ணாகிவிட்டது.

எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது? இரண்டு மூன்று சொல் இருந்தால் போடலாம். தின்பண்டம், குழந்தைகள், பழைய பாட்டுக் கச்சேரி, ஐஸ்கிரீம் வண்டி எல்லாவற்றுக்கும் பொருந்தும். முழுக்கப் பெரிய ஆங்கில எழுத்துகளில் அடித்தால் பாதி அழகு போய்விடும். அதன் விளையாட்டெல்லாம் சின்ன எழுத்துகளில்தான் இருக்கிறது. இடைவெளியை இறுக்குங்கள், தள்ளி வைக்காதீர்கள். தள்ளி வைத்தால் கோபித்துக்கொண்டு உட்கார்ந்த கல்யாண வீட்டார் மாதிரி இருக்கும். பத்திக்கு ஆகவே ஆகாது. ஆங்கிலச் சின்ன ‘ஈ’ (e), ‘ஏ’ (a) போன்றவற்றின் உள்வெள்ளை ஏற்கெனவே கடுகளவு. எழுத்தின் அளவு 10 புள்ளிக்குக் (பாயின்ட்) கீழே போனால் அடைத்துக்கொள்ளும். வங்கிக் கடிதம், மருந்துச் சீட்டு, இரங்கல் அறிவிப்பு வேண்டாம். கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்றில் நான் இதைப் பார்த்திருக்கிறேன். போட்டோவில் இருந்த பெரியவரைவிட எழுத்து அதிகமாகச் சிரித்தது.

தமிழுக்கு இப்படி ஓர் எழுத்து வேண்டும் என்று கேட்கிறவர்கள் அதிகம். பார்க்கச் சுலபமாகத்தான் தோன்றும். நம் எழுத்தே வளைவும் சுழியுமானது, இன்னும் கொஞ்சம் குண்டாக்கினால் போதாதா? போதாது. ஆங்கில ‘ஓ’வுக்குள் ஒரே ஒரு வெள்ளைதான் இருக்கிறது. நம் ‘ண’வை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சுழி, நடுநடுவே ஏறி இறங்கும் கோடு, கடைசியில் நிமிர்ந்த கால். ஒரே எழுத்துக்குள் அத்தனை சந்துபொந்து. கோட்டைத் தடிமனாக்க ஆக்க வெள்ளை சுருங்கும், சுழி அடைபடும். ‘இ’, ‘ஐ’, ‘ஞ’, ‘ஜ’ எல்லாவற்றிலும் இதே பாடு. கொம்பிலும் ஒரு சுழி இருக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளியையும் தடிமனுக்கு ஏற்பப் பெரிதாக்கியாக வேண்டும். ஆக்கினால் மேல் வரியோடு இடிக்கும். 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ‘ணை’, ‘னை’, ‘லை’ முதலியவற்றின் பழைய தும்பிக்கையைக் கழற்றி இந்தத் தலைவலியில் கொஞ்சம் குறைத்தது. தடி எழுத்து வரைகிறவர்கள் தனியாக ஒரு நன்றி சொல்லலாம்.

ஆகவே தமிழில் நல்ல குண்டெழுத்து செய்கிறவர் சதை ஏற்றுவதைவிட அதிக நேரம் செலவழிப்பது, எங்கே சதையைக் குறைப்பது என்பதில்தான். வெளிக்கோட்டைத் தடிமனாக விட்டு உள்ளே நுழையும் கோட்டைச் சத்தமில்லாமல் மெலிவாக்குவார்கள். எழுத்தைப் பக்கவாட்டில் அகட்டுவார்கள். மும்பையின் ஏக் டைப் குழு 2016-இல் கூகுள் ஃபான்ட்ஸில் வெளியிட்ட ‘பாலு’ குடும்பத்தில் இதைப் பார்க்கலாம். இந்தியில் கரடிக்குப் பாலு என்று பெயர், எழுத்தும் கரடிக்குட்டி மாதிரிதான் இருக்கும். கூப்பர் பிளாக்கின் வாரிசு அல்ல, செரிஃபும் கிடையாது. ஆனால் செய்கிற வேலை அதுதான். ஒவ்வொரு மொழி வடிவத்துக்கும் அந்த ஊரில் கூப்பிடுகிற உறவுமுறையைப் பெயராக வைத்திருக்கிறார்கள்: குஜராத்திக்குப் பாய், பஞ்சாபிக்குப் பாஜி, வங்காளத்துக்குத் தா, மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, தமிழுக்குத் தம்பி. ‘பாலு தம்பி’யை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். முதலில் ஒரே தடிமன்தான். பிறகு வந்த ‘பாலு 2’-இல் ஐந்து தடிமன்கள். அதன் ‘ண’வையும் ‘ப’வையும் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே கறுப்பாகக் கண்ணுக்குத் தெரியும். கோட்டின் அகலத்தை உற்றுப் பார்த்தால் ‘ண’வுக்குள் எத்தனை இடத்தில் சிக்கனம் பிடித்திருக்கிறார் என்பது புரியும்.

தமிழும் சேர்ந்து வருகிற இன்னொரு குண்டெழுத்து ‘காய்னி’. அதுவும் இலவசம்தான். இவை போதுமா என்றால் போதாது. ஆங்கிலத்தில் கூப்பரைச் சுற்றி நூறு வருடத்தில் ஒரு பெரிய உறவுக்கூட்டமே சேர்ந்திருக்கிறது. நமக்கு நம் பழைய காலத்தை ஞாபகப்படுத்தும் குண்டெழுத்து என்றால் அது இன்னும் எழுத்துருவாக வராத கையெழுத்துகளில்தான் பெரும்பாலும் இருக்கிறது: பஸ்ஸின் பின்பக்கம், சோடாக் கடைப் பலகை, சுவர் விளம்பரத்தின் நீலமும் மஞ்சளும்.

சுழி விஷயத்தை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன மசாலாக் கம்பெனிக்குப் பாக்கெட் டிசைன் செய்தேன். ஆங்கிலப் பெயர் கூப்பர் பிளாக்கில். அதோடு பொருந்த வேண்டும் என்று ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்து, அதன் வெளிக்கோட்டைச் சுற்றி இன்னொரு கோடு போட்டு ஊத வைத்தேன். திரையில் அமர்க்களமாக இருந்தது. ‘மணம் நிறைந்தது’ என்று நடுவில் ஒரு வரி. பாக்கெட் ஃப்ளெக்ஸோவில் அச்சாகிறது. வளையக்கூடிய பிளேட், அழுத்தினால் மை ஓரத்தில் பிதுங்கும், கோடு இன்னும் ஒரு சுற்று பெருக்கும். முதல் சுருள் வந்தபோது மூன்று சுழி ‘ண’வின் ஒரு சுழி மையில் மூழ்கிப்போய், தூரத்திலிருந்து பார்த்தால் ‘மனம் நிறைந்தது’ என்று இருந்தது. கம்பெனி அண்ணாச்சி பாக்கெட்டைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

“மனம் நிறைஞ்சதா? நமக்குச் சாம்பார் பொடிதானே தம்பி?”

பிளேட் செலவு என் கணக்கில் போனது. அடுத்த தடவை ‘ண’வை மட்டும் தனியாக எடுத்து, உள்சுழிகளைக் கத்தி வைத்துச் செதுக்குவதுபோல் திறந்துவிட்டு, எழுத்தைக் கொஞ்சம் அகட்டி வைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒழுங்காகத்தான் இருந்தது. அண்ணாச்சிக்கு அந்த எழுத்தின்மேல் நம்பிக்கை போய்விட்டிருந்தது.

“வேண்டாம் தம்பி. ‘வாசனை’ன்னு போட்டுருங்க, வம்பே இல்லை.”

‘வாசனை’யில் இருப்பது இரண்டு சுழி. இன்றும் அந்தப் பாக்கெட்டில் அப்படித்தான் இருக்கிறது.